தங்கத்துக்கு எதற்குப் புளி?

2021 ஜூலை. யாங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்ற நாட்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வங்கியில் பணம் இருந்தது, எடுக்கத்தான் வழியில்லை. ஏடிஎம் முன்னால் நின்றவர்கள் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். சரி, அப்பத்தாவின் சங்கிலி இருக்கிறதே என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

அந்தச் சங்கிலியை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். முறுக்குச் சங்கிலி, இரண்டு கியாட் எடை. பர்மாவில் தங்கத்தைக் கிராமில் பேசுவதில்லை. கியாட், பெ, யுவே என்றுதான் கணக்கு. ஒரு கியாட் எடை என்றால் சுமார் 16.3 கிராம், நம் ஊர்க் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் கூட. அப்படியானால் அப்பத்தாவின் சங்கிலி நாலு பவுன். "கஷ்டம்னு வந்தா அது கிடக்கு" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். என் தங்கை கல்யாணத்தில் அதை விற்கலாமா என்று பேச்சு வந்து, வேண்டாம், இன்னும் பெரிய கஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியிலேயே வைத்துவிட்டோம். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

தங்கக் கடைகள் இருக்கும் ஷ்வேபொன்தா தெருவுக்குப் போனேன். வயதானவர்கள் இன்னும் மொகல் தெரு என்றுதான் சொல்வார்கள். கடையிலிருந்த பெண் சங்கிலியைக் கையில் வாங்கியதுமே ஒரு நொடி நிறுத்தினாள். உரைகல்லில் தேய்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு இப்போது புரிகிறது. அவள் கை தினமும் தங்கம் தூக்குகிற கை. அப்புறம் தேய்த்தாள், அமிலம் ஒரு சொட்டு விட்டாள், சங்கிலியைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள். "ஷ்வே மஹொபூ, அக்கோ." தங்கம் இல்லை, அண்ணா.

கடையில் கூட்டம். நான் சண்டை போடவில்லை. அடுத்த கடைக்குப் போனேன், அங்கும் அதே பதில். அந்தக் கடைக்காரர் மட்டும் ஒரு வார்த்தை கூடச் சொன்னார்: "ச்சேவா." பித்தளை. செம்பை ச்சேனி என்பார்கள், சிவப்பு உலோகம். பித்தளை ச்சேவா, மஞ்சள் உலோகம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அதை விற்று வந்த பணத்தில் சிலிண்டர் நிரப்பினோம். அப்பா பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மோல்மீனில் இருக்கும் அத்தையிடம் போனில் சொன்னேன், கோபத்தோடுதான். யாரோ நம்மை ஏமாற்றிவிட்டார்கள், பெட்டியிலிருந்து யாரோ மாற்றிவிட்டார்கள் என்று. அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏண்டா, அது பித்தளைதானே? நெசமானத எங்கம்மா 87லயே வித்துருச்சே. ஒங்கப்பன் சொல்லலியா?" என்றார்.

அப்பாவுக்கும் தெரியாது. அத்தைக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கதை இதுதான். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள் (பர்மியப் பணத்துக்கும் கியாட் என்றுதான் பெயர்). நம் ஆட்கள் லட்சக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலம் அது. போகிறவர்கள் நகையைக் கொண்டுபோக விடமாட்டார்கள், துறைமுகத்தில் சோதனை போட்டுக் கழற்றிவிடுவார்கள். அப்பத்தா குடும்பமும் புறப்படுவதாகத்தான் இருந்தது. அதனால் தெருவிலிருந்த பத்தரிடம் சொல்லி, தன் சங்கிலிக்கு அச்சு அசலாக ஒரு நகல் செய்துகொண்டார். பிடுங்கினால் இதைப் பிடுங்கிக்கொள்ளட்டும், அசலை வேறு வழியில் அனுப்பிக்கொள்ளலாம் என்று. கடைசி நேரத்தில் தாத்தா வரமாட்டேன் என்றுவிட்டார். குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. பெட்டியில் இரண்டு சங்கிலி.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஒரே நாளில் செல்லாது என்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. அதற்கப்புறம் 45, 90 என்று விசித்திரமான நோட்டுகள் வந்தன. தாத்தா அரிசி வாங்க வைத்திருந்த பணம் மொத்தமும் வெறும் காகிதம். அப்போது அப்பத்தா அசலை எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டார். நகல் கழுத்துக்கு வந்தது. தாத்தாவுக்குத் தெரியக்கூடாது என்று அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். 34 வருஷம் நாங்கள் பித்தளையை நம்பி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம்.

போனை வைப்பதற்கு முன்னால் அத்தை சொன்ன ஒன்றுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்ச்சீங்களே. தங்கத்துக்கு எதுக்குடா புளி?"

உண்மைதான். வருஷா வருஷம் போகிக்கு முதல் நாள், குத்துவிளக்கோடு சேர்த்து அந்தச் சங்கிலியையும் அப்பத்தா புளி போட்டுத் தேய்ப்பார். கறுத்துப்போயிருப்பது தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று வரும். நானே தேய்த்திருக்கிறேன். தங்கத்தைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசுவார்கள், அழுக்கு போகத்தான். தங்கம் கறுக்காது, அதற்குப் புளி வேண்டியதில்லை. செம்பு கலந்ததுதான் காற்றும் வேர்வையும் பட்டுக் கறுக்கும், புளியின் புளிப்பு அந்தக் கறுப்பைக் கரைக்கும். விளக்குக்கும் சங்கிலிக்கும் ஒரே மருந்து என்றால் இரண்டும் ஒரே சாதி என்று என் மண்டையில் ஏறவேயில்லை.

அதற்கப்புறம்தான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டே தீருவது என்று இறங்கினேன். எங்கள் தெருவில் முன்பு பட்டறை வைத்திருந்த பத்தர் மாமா ஒருவர் இருக்கிறார். கண் சரியில்லை என்று தொழிலை விட்டுவிட்டார், ஆனால் உரைகல்லும், ஒப்பிட்டுப் பார்க்கிற தங்க நுனி ஆணிகளும் இன்னும் அவரிடம் இருக்கின்றன. சங்கிலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் போட்டு இரண்டு தரம் குலுக்கினார்.

"வேலை சுத்தமா இருக்கு தம்பி. கூலிக்குச் செஞ்சவன் தங்கம்னு நெனச்சே செஞ்சிருக்கான்."

ஏமாற்றுக்காரனை எதிர்பார்த்துப் போனவனுக்கு இது புதிதாக இருந்தது. அவர் சொன்னது: சும்மா பாத்திரக்கடைப் பித்தளையில் இந்த நிறம் வராது. பாத்திரப் பித்தளையில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் எலுமிச்சைப்பழ மஞ்சள் அடிக்கும். துத்தநாகத்தைக் குறைத்தால் சிவப்பு ஏறும். "இருபதுக்கு ஒண்ணு போட்டா செம்பு மாதிரியே நிக்கும். ஏழுக்கு ஒண்ணு போட்டாத்தான் பவுன் நெறம்." ஏழு பங்கு செம்புக்கு ஒரு பங்கு துத்தநாகம் என்றால் நூற்றுக்குப் பன்னிரண்டரை.

உருக்குவதிலும் பக்குவம் இருக்கிறதாம். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் செம்பை முதலில் உருக்கி, வெங்காரமும் கரித்தூளும் மேலே மூடி, கடைசியில்தான் துத்தநாகத்தை உள்ளே அமுக்க வேண்டும். அப்படியும் வெள்ளைப் புகை பஞ்சு மாதிரி எழும்பும். அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம். மாமா இளவயதில் பலமுறை பட்டிருக்கிறார். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்களாம். பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஓரிரு நாளில் அது தானே இறங்கிவிடும் காய்ச்சல், ஆனால் திரும்பத் திரும்ப வரவழைத்துக்கொள்ளக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டுச் சமையலறையில் பித்தளை உருக்கிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் உரைகல். கறுப்புக் கல், ஒரு கை அகலம். மாமா அதில் ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்தார். சங்கிலியை நேராகத் தேய்க்கவில்லை. முதலில் கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில் சின்ன அரத்தால் ஒரு கீறல் போட்டார். மேலே முலாம் இருந்தால் உரைகல் முலாமைத்தான் காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது என்பதால். அந்தக் கீறலைக் கல்லில் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். பக்கத்திலேயே 22 காரட் ஆணியால் இன்னொரு கோடு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லப்போனால் எங்கள் சங்கிலியின் கோடு கொஞ்சம் கூடுதலாகவே மின்னியது. கண்ணாடிக் குச்சியால் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு எடுத்து இரண்டு கோட்டுக்கும் குறுக்கே இழுத்தார். ஆணிக்கோடு அப்படியே கிடந்தது. எங்கள் கோடு நுரைத்து, பச்சையாகி, நான் கண் சிமிட்டுவதற்குள் இல்லாமல் போனது. துடைத்த இடத்தில் கல்தான் இருந்தது.

ஒரு கோடு முழுசாக அழிகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்தது எனக்கு என்னவோ செய்தது. ஆனால் அமிலம் வைத்துச் செய்கிற சோதனை நமக்கான வேலை அல்ல. கையில் பட்டால் புண், அதன் புகை மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. அதைக் கடைக்காரர் செய்யட்டும், நாம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒன்றே ஒன்று, "கீறல் போட்டுத் தேயுங்க" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. ஷ்வேயேசெய்ன் என்று தங்கமுலாம் பூசிய நகைகள் இங்கே எல்லாச் சந்தையிலும் கிடைக்கின்றன. அப்படியே சொல்லி விற்றால் அதில் குற்றம் எதுவும் இல்லை. அதையே பழைய நகை என்று ஒருவர் விற்க வரும்போது மேலோட்டமாகத் தேய்த்தால் தங்கம் மாதிரியேதான் தெரியும். பெரிய கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே இயந்திரம்கூடப் பெரும்பாலும் மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் கனமாக இருந்தால் அதுவும் ஏமாறும்.

வீட்டில் செய்யக்கூடியது எடைச் சோதனை. இதற்கு வேண்டியது நகைத் தராசு ஒன்று, 0.01 கிராம் காட்டுவது. கையடக்கமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முதலில் சங்கிலியை அப்படியே எடை போட்டேன்: 15.98 கிராம். அடுத்தது, சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கினேன். சங்கிலியை நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுசாக மூழ்கும்படி, ஆனால் அடியிலும் ஓரத்திலும் படாதபடி தொங்கவிட்டேன். வளையங்களுக்குள் காற்றுக் குமிழ் நிற்கும், கொஞ்சம் ஆட்டினால் போய்விடும். தராசு காட்டியது 1.83. சங்கிலி அடைத்துக்கொண்ட இடத்தில் தண்ணீர் இருந்தால் அதன் எடை அவ்வளவு. 15.98ஐ 1.83ஆல் வகுத்தால் 8.73. இதுதான் அடர்த்தி, அதாவது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்பது. செம்பின் அடர்த்தி 8.96, துத்தநாகம் 7.14, இரண்டும் கலந்தால் இந்த இடத்துக்குத்தான் வரும். 22 காரட் தங்கமாக இருந்தால் 17.5க்கு மேல் வந்திருக்க வேண்டும்.

கணக்கை நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதே பருமன் சங்கிலி தங்கத்தில் இருந்தால் எவ்வளவு எடை வரும் என்று போட்டுப் பார்த்தேன். 1.83ஐ 17.8ஆல் பெருக்கினால் 32.6. இரண்டு கியாட்! அப்பத்தா பொய் சொல்லவில்லை. அசல் இரண்டு கியாட்தான். அதே அளவில் செய்த நகல் ஒரு கியாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறை யாராவது அதைத் தராசில் வைத்திருந்தால் போதும், உரைகல்லே தேவைப்பட்டிருக்காது. பாதி எடை எங்கே போனது என்று கேட்டிருப்போம்.

இந்தச் சோதனையிலும் ஓட்டை உண்டு. கல் பதித்த நகைக்குச் சரிவராது. உள்ளே கூடாக இருக்கும் வளையல், அரக்கு நிரப்பிய தோடு இவற்றுக்கும் சரிவராது. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி கிட்டத்தட்டத் தங்கத்தினுடையதே, அதை உள்ளே வைத்துச் செய்தால் தராசும் தோற்கும். அது பெரும்பாலும் கட்டித் தங்கத்தில் நடக்கிற மோசடி. நம் வீட்டுச் சங்கிலிக்கு எதிரி பித்தளைதான்.

காந்தம் வைத்துப் பார்ப்பதைப் பலர் பெரிய ரகசியம் போலச் சொல்கிறார்கள். செம்பும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது, தங்கமும் ஒட்டாது. இந்தக் கலவையைப் பொறுத்தவரை காந்தம் வெறும் விளையாட்டுச் சாமான். 916 என்று முத்திரை இருக்கிறதே என்பதும் அப்படித்தான். முத்திரைக்கு வேண்டியது ஒரு ஆணியும் சுத்தியும். பித்தளையில் அது இன்னும் அழகாக விழும்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன், மாமாவுக்குச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இந்தக் கலவைக்கு ஆங்கிலத்தில் ஒரு மனிதரின் பெயரே இருக்கிறது: பிஞ்ச்பெக். கிறிஸ்டோபர் பிஞ்ச்பெக் லண்டன் ஃப்ளீட் தெருவில் கடிகாரம் செய்தவர், 1732இல் இறந்தார். நிறைய செம்பும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்து தங்கம் போலவே ஒரு உலோகம் செய்து, கடிகாரக் கூடு, கொக்கி, சங்கிலி என்று விற்றார். தங்கம் என்று சொல்லி விற்கவில்லை, தன் பெயரைச் சொல்லித்தான் விற்றார். பங்கு எவ்வளவு என்பதைக் குடும்பத்தோடு ரகசியமாக வைத்திருந்தார்கள். அவருக்குப் பின் மகன் எட்வர்ட், இந்த உலோகத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று விளம்பரம் செய்ய வேண்டியிருந்தது. போலிக்கே போலி வந்துவிட்டது, பாருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி, குதிரை வண்டியில் தூரப் பயணம் போகிறவர்கள் வழிப்பறிக்குப் பயந்து அசலை வீட்டில் வைத்துவிட்டு பிஞ்ச்பெக் நகையைப் போட்டுக்கொண்டு போவார்கள் என்பது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பத்தாவுக்கு ஃப்ளீட் தெருவும் தெரியாது, பிஞ்ச்பெக்கும் தெரியாது. அதே யோசனைதான் வந்திருக்கிறது. 1840இல் மின்முலாம் வந்து, 1854இல் இங்கிலாந்தில் 9 காரட் வரை குறைந்த தங்கத்துக்கும் சட்டம் இடம் கொடுத்ததும் பிஞ்ச்பெக்கின் காலம் முடிந்துபோனது. பெயர் மட்டும் போலி என்ற அர்த்தத்தில் அங்கே பேச்சில் நின்றுவிட்டது. பாவம், அந்த மனிதர்.

தராசு வாங்கியதற்கு ஒரு பலனும் கிடைத்தது. மறுவருஷம், பேட்டையில் முகம் தெரிந்த ஒருவர் காப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அவசரமாம், கடைக்குப் போனால் கழிவு போட்டுவிடுவார்களாம், அதனால் கடைவிலையில் முக்கால் விலைக்குக் கொடுக்கிறாராம். உள்ளே ஓட்டையில்லாத, சாதாரணக் காப்பு. "இருங்க, டீ குடிங்க" என்று உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். 12.10 கிராம். தண்ணீரில் 1.40. வகுக்கவே வேண்டாம், தங்கமாக இருந்தால் 0.70ஐத் தாண்டியிருக்காது. வெளியே வந்து, "கையில பணம் இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கே தெரியாமல்கூட இருக்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்னால் கடையில் நானும் அப்படித்தானே நின்றேன். டீயை மட்டும் முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.

பித்தளை நகையைப் போட்டுக்கொள்வதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வேர்வை பட்டால் கழுத்தில் பச்சை படியும், அது செம்பின் வேலை, சோப்புப் போட்டால் போய்விடும். அரிப்பும் தடிப்பும் வந்தால் பெரும்பாலும் முலாமுக்கு அடியில் நிக்கல் பூசியிருப்பார்கள், அந்த நகையைக் கழற்றிவிடுவதே நல்லது. குளித்துவிட்டு ஈரத்தோடு போடக்கூடாது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் பெட்டியில் ஒரு சாக்பீஸ் துண்டு சேர்த்து வைத்தால் கறுப்பது குறையும்.

இப்போது அம்மா அந்தச் சங்கிலியைத்தான் போட்டுக்கொண்டு அனோரதா வீதி காளி கோயிலுக்குப் போகிறார். முன்பு எதைப் போட்டாலும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே நடப்பவர். இப்போது கையை வீசி நடக்கிறார். அறுத்தால் அறுத்துக்கொண்டு போகட்டுமாம்.

மற்ற நாட்களில் சங்கிலி டிரங்குப் பெட்டியில்தான். அதோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறேன், என் மகன் என்றைக்காவது ஒருநாள் தூக்கிக்கொண்டு மொகல் தெருவுக்கு ஓடக்கூடாது என்று. "தங்கம் அல்ல. செம்பும் துத்தநாகமும். 15.98 கிராம். அசல் 1987இல் விற்றாகிவிட்டது." போன பொங்கலுக்குப் பெட்டியைத் திறந்தபோது பார்த்தேன், சீட்டின் அடியில் அம்மா பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "புளி போட்டுத் தேய்க்கவும்."